நான் நீக்கிய 311 வரிசைகள்: விண்வெளி நிறுவனத்தில் எட்டு வாரம்

திசைகாட்டி

செயற்கைக்கோளின் பெயரும் தரவும் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் பெயர்கள் எதுவும் இதில் வராது. மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு விண்வெளி நிறுவனத்தில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் முடித்துப் போன வாரம்தான் வெளியே வந்தேன்.

ராக்கெட் பார்த்தாயா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. வரவேற்பறையில் கண்ணாடிக்குள் ஒரு மாதிரி நிற்கிறது, அதைத்தான் தினம் காலையும் மாலையும் பார்த்தேன்.

முதல் இரண்டு வாரம் வெறும் படிப்பு. ஐசிடி என்று ஓர் ஆவணம். எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோடு எந்த வயரில் எப்படிப் பேசும் என்பதை மட்டும் நானூறு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கதைப் புத்தகம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் என் கைடு எட்டிப் பார்த்துவிட்டு, "இதை யாரும் படிக்க மாட்டாங்க தம்பி, தேடத்தான் செய்வாங்க" என்றார்.

மூன்றாம் வாரம் வேலை வந்தது. பூமியைப் படமெடுக்கும் பழைய செயற்கைக்கோள் ஒன்று. சுமார் 700 கிலோமீட்டர் உயரம், துருவங்களை ஒட்டிய பாதை, 99 நிமிடத்துக்கு ஒரு சுற்று. படங்களையெல்லாம் என்னிடம் தரவில்லை. தன் உடல்நிலையைப் பற்றி அது அனுப்பிக்கொண்டே இருக்கும் எண்கள் உண்டு, ஹவுஸ்கீப்பிங் என்பார்கள். அதில் ஒரே ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். நினைவகத்தில் ஒரு பிட் புரண்டு (0 என்பது 1 ஆகவோ, 1 என்பது 0 ஆகவோ மாறி) திருத்தப்படும்போதெல்லாம் ஒன்று கூடும் எண்ணி அது. 32 விநாடிக்கு ஒரு மதிப்பு, 14 மாதத் தரவு, 11 லட்சத்துக்கு மேல் வரிசைகள். "சில நாள் நிறையக் கூடுது, சில நாள் இல்ல. எங்கே கூடுதுன்னு பார்."

ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் முந்தைய மதிப்பைக் கழித்தேன். பெரும்பாலும் பூஜ்யம், அங்கங்கே 1, 2. நடுநடுவே மைனஸ் 254, மைனஸ் 255 என்று வந்தது. பிழை எண்ணிக்கை எப்படிக் குறையும்? தரவு கெட்டிருக்கிறது என்று முடிவு செய்து, மைனஸ் வந்த 311 வரிசைகளையும் தூக்கிவிட்டேன். வரைபடம் அழகாக வந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

கைடு வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "எத்தனை வரிசை உள்ளே போச்சு, எத்தனை வெளியே வந்துச்சு?" என்று கேட்டார். 311 குறைவு என்றேன். எண்ணி எத்தனை பிட் என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அது 8 பிட். 255-க்கு மேல் போக முடியாது, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 255-க்கு அப்புறம் 1 என்றால் 254 குறையவில்லை, 2 கூடியிருக்கிறது. நானூறு பக்க ஆவணத்தில் இது ஒரே வரி.

சும்மா இருந்திருக்கலாம். "மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட வராதே சார்" என்று வாதாடினேன். "ஒரு சதவீதம்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் தூக்கிப் போட்டுட்டியே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

திருத்திய பிறகு, ஒவ்வொரு பிழையும் நேர்ந்தபோது செயற்கைக்கோள் எந்த இடத்துக்கு மேலே இருந்தது என்று சுற்றுப்பாதையிலிருந்து கணக்கிட்டு உலக வரைபடத்தில் புள்ளி வைத்தேன். தென் அமெரிக்காவிலிருந்து அட்லாண்டிக் நடுவரைக்கும் மை கொட்டியது போல ஒரு திட்டு. பாதிக்கும் மேற்பட்ட புள்ளிகள் அங்கேதான். யாரோ கீழேயிருந்து சக்திவாய்ந்த ரேடார் அடிக்கிறார்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கைடு கடைசி வரி வரை பொறுமையாகப் படித்துவிட்டு, ஓரத்தில் 'தென் அட்லாண்டிக் அனாமலி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். தேடிப் பார்த்தால் நான் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்று இரவு தூங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகத் தூங்கினேன், மறுநாள்தான் வெட்கமாக இருந்தது.

ஒரே ஒரு நாள் கிளீன் ரூமுக்குள், அதாவது தூசியே புகாத அறைக்குள், விட்டார்கள். தொப்பி, முகமூடி, அங்கி, கடைசியில் காலுறை என்று மேலிருந்து கீழாகத்தான் போட வேண்டும், இல்லையென்றால் தலையிலிருந்து உதிர்வது அங்கிமேல் விழும். சட்டைப் பையில் இருந்த பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கிராஃபைட் தூள் மின்சாரம் கடத்துமாம். உள்ளே தங்கத்தாள் சுற்றியது போல நின்றது ஒரு செயற்கைக்கோள். அது தங்கமே இல்லை. கேப்டான் என்கிற பிளாஸ்டிக் படலத்தின் நிறமே தேன் மாதிரி, அதன் பின்புறம் அலுமினியப் பூச்சு மினுங்குகிறது. பக்கத்தில் பத்து நிமிடம் நின்றிருப்பேன். மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன்.

கேட்க நினைப்பது இதுதான். தெரிந்த விடையை மறுபடி கண்டுபிடிக்க வைப்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கமா?

வால்வெள்ளி

வாழ்த்துகள்! ஆனால் எப்போதும் அப்படியே இருக்க வேண்டியதில்லையே. 2019-இல் நாசாவின் காடர்ட் மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த வுல்ஃப் குக்கியர் என்ற 17 வயதுப் பையன், சேர்ந்த மூன்றாம் நாளே ஒரு கோளைக் கண்டான். டிஓஐ 1338 பி. இரண்டு சூரியன்களைச் சுற்றும் கோள், பூமியைப் போல ஏறத்தாழ 6.9 மடங்கு பெரியது, 1,300 ஒளியாண்டு தூரம். உங்களுக்கும் புதுத் தரவு கொடுத்திருக்கலாம்.

கசப்புமருந்து

அந்தப் பையன் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறார்கள்.

நானும் ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஆறு வாரம் இருந்தேன், பெயர் வேண்டாம். கைடைப் பார்த்தது மொத்தம் நான்கு முறை. முதல் வாரம் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்தேன். இரண்டாம் வாரம் ஸ்கேன் செய்தவற்றுக்குப் பெயர் வைத்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து எனக்குக் கொடுக்க வேலை இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. சான்றிதழில் மட்டும் 'தரவு மேலாண்மை' என்று போட்டார்கள். திசைகாட்டி, உங்கள் வரைபடமும் இந்நேரம் ஏதாவது ஃபோல்டரில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பழைய_போல்ட்

இந்தத் தொழிலில் நரைத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி திசைகாட்டி, அந்தத் திட்டு அங்கே இருக்கிறது என்பது தெரிந்த விடை. உங்கள் செயற்கைக்கோளின் நினைவகம் இந்த வருடம் அங்கே எவ்வளவு அடி வாங்குகிறது என்பது தெரிந்த விடை இல்லை.

முதலில் ஏன் அங்கே என்று சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்தப்புலத்தின் மையம் பூமியின் நடுமையத்தில் இல்லை, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால், காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் பூமியைச் சுற்றி உருவாக்கும் கதிர்வீச்சு வளையங்களில் உள்வளையம் தென் அட்லாண்டிக் பக்கம் மட்டும் சுமார் 200 கிலோமீட்டர் உயரம் வரை தாழ்ந்து தொங்குகிறது. அதற்குள் நுழைகிற எல்லாச் செயற்கைக்கோளும் புரோட்டான் மழையில் நனைந்துதான் வெளியே வர வேண்டும். அந்தப் புரோட்டான்கள் நினைவகத்தில் மோதுவதால்தான் பிட் புரள்கிறது. ஹப்பிள் தொலைநோக்கிகூட அந்த இடத்தைக் கடக்கும்போது பார்ப்பதை நிறுத்திவிடும்.

இந்தத் திட்டு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மெல்ல மேற்கே நகர்கிறது. சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் வருடங்களில் மேல் வளிமண்டலம் சூடாகி உப்பும், தாழ்வான உயரத்துப் புரோட்டான்களை அது தின்றுவிடும், பிழை குறையும். சூரியன் அமைதியானால் கூடும். கூடவே சில்லுக்கும் வயதாகிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் யாரோ போட்ட வரைபடம் இன்றைக்கு உதவாது.

இதை வைத்து என்ன செய்வார்கள்? நினைவகத்தில் ஒவ்வொரு சொல்லோடும் கொஞ்சம் உபரி பிட் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒரு பிட் புரண்டால் திருத்த முடியும். அதே சொல்லில் இரண்டு புரண்டால், கெட்டுவிட்டது என்று சொல்ல முடியுமே தவிர திருத்த முடியாது. ஆகவே முதல் பிழை விழுந்து இரண்டாவது விழுவதற்குள் முழு நினைவகத்தையும் ஒரு சுற்று படித்துத் திருத்திவிட வேண்டும். ஸ்கிரப்பிங் என்போம். எவ்வளவு அடிக்கடி என்பதற்கு உங்கள் எண்தான் வேண்டும். அடிக்கடி செய்தால் கணினிக்கு வேறு வேலைக்கு நேரம் இருக்காது, அபூர்வமாகச் செய்தால் படம் போகும்.

அந்த 311 பற்றி இன்னொன்று. இந்த வளையங்களைக் கண்டுபிடித்ததே இதே மாதிரி ஒரு எண்ணியால்தான். 1958 ஜனவரி 31 அன்று ஏவிய அமெரிக்கச் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர் 1-இல், இயற்பியலாளர் வான் ஆலனின் குழு, கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் ஒரு கைகர் எண்ணி வைத்திருந்தது. கீழே இருக்கும்போது எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தது. மிக உயரத்தில் போனபோது சில இடங்களில் பூஜ்யம். எண்ணி செத்துவிட்டது என்று அந்தத் துண்டுகளைக் கத்தரித்திருக்கலாம். மார்ச்சில் போன எக்ஸ்புளோரர் 3-உம் அதையே காட்டியது. ஆய்வகத்தில் அதே வகை எண்ணிமேல் கடுமையான எக்ஸ்ரே அடித்துப் பார்த்தார்கள், அதுவும் பூஜ்யத்துக்குப் போனது. துகள் இல்லாததால் வந்த பூஜ்யம் இல்லை அது. துகள் மிதமிஞ்சிக் கொட்டியதால் எண்ணி திணறி ஊமையாகிவிட்டது.

திசைகாட்டி

ஐயா, மிக்க நன்றி. பூஜ்யம் கதையை என் கைடு சொல்லவில்லை, நானே தேடிப் படிக்கட்டும் என்று விட்டாரோ என்னவோ.

@கசப்புமருந்து: ஃபோல்டரில் தூங்கவில்லை. ஏழாம் வாரம் ஆபரேஷன்ஸ் குழுவிலிருந்து ஒருவர் வந்து வரைபடத்தைக் கேட்டார். வரைபடத்தைக்கூட இல்லை, எண்களின் அட்டவணையை. கலர் எல்லாம் போட்டு வைத்திருந்தேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீள்வட்டம்

ஒரு சந்தேகம். மைனஸ் வந்த இடமெல்லாம் 256 கூட்டினீர்கள், சரி. ஆனால் கணினி ரீபூட் ஆனாலும் எண்ணி பூஜ்யத்துக்குப் போகுமே? 140-இல் இருந்து 0 ஆனால் உங்கள் கணக்கில் 116 பிழை என்று வரும். ஒன்றுகூட நடந்திருக்காது. சுற்றி வந்ததா, துடைக்கப்பட்டதா என்று எப்படிப் பிரித்தீர்கள்?

அப்புறம் தரவு விடுபட்ட இடைவெளிகள். மூன்று மணி நேரம் தரவே இல்லையென்றால், அதற்குள் எண்ணி இரண்டு முறை சுற்றியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

திசைகாட்டி

முதல் கேள்வியில் சரியாக மாட்டினேன் நண்பரே. திருத்திய வரைபடத்தில் பசிபிக் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரே ஒரு தடித்த புள்ளி. இந்த முறை நீக்கவில்லை! அதன் தேதியையும் நேரத்தையும் எடுத்துக்கொண்டு நேராகக் கைடிடம் போனேன். ரீபூட் எண்ணிக்கைக்கு வேறொரு பத்தி இருக்கிறது என்று காட்டினார். அதே நிமிடத்தில் அது ஒன்று கூடியிருந்தது. 311-இல் இப்படி இரண்டு. மீதி 309-உம் உண்மையாகச் சுற்றியவை.

இடைவெளிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தொடர்ச்சியாக இல்லாத ஜோடிகளுக்கெல்லாம் ஒரு கொடி போட்டு, கணக்கில் சேர்க்காமல், ஆனால் கோப்பில் அப்படியே விட்டேன். ரிப்போர்ட்டில் மொத்த நேரத்தில் எவ்வளவு இடைவெளி என்றும் எழுதினேன். அந்த வரியை மட்டும்தான் ரெவ்யூவில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

வடதுருவம்

நீக்கிய தரவு என்றதும் ஓசோன் ஓட்டை நினைவுக்கு வருகிறது. நிம்பஸ் 7 செயற்கைக்கோள் அந்த ஓட்டையை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தும், எண் மிகக் குறைவு என்று மென்பொருள் தூக்கிப் போட்டுவிட்டதாம். கடைசியில் அண்டார்டிகாவில் தரையில் நின்று அளந்த பிரிட்டிஷ்காரர்கள் 1985-இல் சொன்ன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. திசைகாட்டி, உங்களுக்கு நல்ல துணைதான் இருக்கிறது.

பழைய_போல்ட்

வடதுருவம் அம்மா, இந்தக் கதை பாதிதான் சரி. தூக்கிப் போடவில்லை. 180 டாப்சன் அலகுக்கு (ஓசோனை அளக்கும் அலகு) கீழே வந்த அளவுகளுக்கு மென்பொருள் 'சந்தேகம்' என்று குறி போட்டது, எண்கள் அப்படியே இருந்தன. குறி குவிவதை அந்தக் குழுவும் கவனித்துச் சரிபார்த்துக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் சொன்ன பிரிட்டிஷ்காரர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரின் கட்டுரை முந்திக்கொண்டது. தரவு பத்திரமாக இருந்ததால்தான் அதன் பிறகு ஓட்டை எவ்வளவு பெரியது என்று செயற்கைக்கோளால் முழுப் படம் போட்டுக் காட்ட முடிந்தது. தரைக்கருவி ஒரே இடத்தில் நின்று பார்த்தது, அதனால் அதைச் செய்திருக்க முடியாது.

நீக்குவதற்கும் குறி போடுவதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

வடதுருவம்

ஐயோ, பத்து வருடமாக இதைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் வேறு சொல்லியிருக்கிறேன்.

கசப்புமருந்து

எல்லாம் சரி. ஆனால் திசைகாட்டிக்கு நேரம் ஒதுக்குகிற கைடு கிடைத்தார். எனக்குக் கிடைக்கவில்லை. இதில் திறமைக்கு எங்கே இடம்? லாட்டரிதானே?

பழைய_போல்ட்

பாதி லாட்டரிதான், மறுக்க மாட்டேன். ஏவுதல் நெருங்கும் மாதத்தில் இன்டர்ன் வந்தால் எங்களுக்கே அவர் பெயர் நினைவில் இருக்காது. நானும் அப்படிச் சிலரை வெறுமனே உட்காரவைத்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு, விண்வெளி போல வெற்றிடமும் சூடும் குளிரும் உண்டாக்கிச் சோதிக்கும் வெப்ப வெற்றிட அறையில் இரவு ஷிஃப்ட் கொடுத்தோம். திரையில் நாற்பது வெப்பநிலைகள், ஒன்றும் மாறாது, மாறினால் எழுப்ப வேண்டும். நான்கு இரவு உட்கார்ந்தார். ஐந்தாம் இரவு, ஒரு சென்சார் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாமதமாகக் குளிர்கிறது, ஒட்டியது கழன்றிருக்குமோ என்று எழுதி வைத்திருந்தார். கழன்றுதான் இருந்தது. அதற்காக அந்த நான்கு இரவையும் நல்ல பயிற்சி என்று சொல்லத் தயாரில்லை. அவருக்கு நாங்கள் ஒழுங்கான வேலை கொடுத்திருக்க வேண்டும்.

ஒன்று செய்து பார்க்கலாம். முதல் நாளே, 'நான் செய்யப்போவதை யார் பயன்படுத்துவார், அவரை ஒரு முறை பார்க்கலாமா?' என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் இரண்டாம் நாளே வேறு வேலை கேட்கலாம். ஆறாம் வாரம் கேட்டால் பிரயோஜனம் இல்லை.

கசப்புமருந்து

இதை எனக்கு அப்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

வால்வெள்ளி

நான் மேலே சொன்ன பையன் கதையையும் இப்போது மறுபடி படித்தேன். அவனும் சும்மா அதிர்ஷ்டத்தில் தடுக்கி விழவில்லை. தன்னார்வலர்கள் 'இது இரட்டை நட்சத்திரம்' என்று குறித்து வைத்த பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கோள் குறுக்கே போகும் இடைவெளி 93 நாளுக்கும் 95 நாளுக்கும் நடுவே மாறிக்கொண்டே இருப்பதால் கணினி நிரலுக்குப் பிடிபடவில்லை. முதலில் இரட்டை நட்சத்திர மறைப்பு என்றுதான் அவனும் நினைத்தான், நேரம் பொருந்தவில்லை என்று விடாமல் பார்த்திருக்கிறான்.

நீள்வட்டம்

அலகு குழப்பத்தில் போன செவ்வாய்க் கலத்தை இன்னும் யாரும் இழுக்கவில்லை என்பதே அதிசயம். நான் வேறொன்றைச் சொல்கிறேன். ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கி, 2016. ஏவி ஆறு வாரம்கூட ஆகவில்லை. கலம் நிலையாகத்தான் இருந்தது, ஆனால் சுழல்வதாக அதன் கணினி கணக்குப் போட்டது. இல்லாத சுழற்சியை நிறுத்தப் போய் நிஜமாகவே சுழல ஆரம்பித்தது. கடைசிக் காப்பாகச் சிறு உந்துபொறிகளை இயக்கியது. அவற்றுக்காகத் தரையிலிருந்து அனுப்பி வைத்திருந்த எண்களே தப்பு. சுழற்சி இன்னும் வேகமாகி உடைந்துபோனது. அனுப்புவதற்கு முன் அந்த எண்களை இன்னொருவர் சரிபார்த்திருந்தால் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

முதல்படி

அண்ணா, எனக்கு அடுத்த மாதம் இதே மாதிரி ஓரிடத்தில் சேர வேண்டும். லேப்டாப் கொண்டு போகலாமா? என்ன எடுத்துக்கொண்டு போவது?

திசைகாட்டி

நான் போன இடத்தில் போன், லேப்டாப், பென்டிரைவ் எல்லாமே வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட நோட்டு ஒன்றை அவர்களே கொடுத்தார்கள். அதில் தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. முதல் வாரம் தெரியாமல் ஒன்றைக் கிழித்துவிட்டேன். கடைசி நாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கைடு புரட்டிப் பார்த்து, "17 எங்கே?" என்றார்.

மற்றபடி ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். லேப் நன்றாகக் குளிரும்.

பழைய_போல்ட்

கம்பளி ஸ்வெட்டரோடு என் பெஞ்ச் பக்கம் யாராவது வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன். நிலைமின்சாரம். பருத்தியில் முழுக்கைச் சட்டை இரண்டு போட்டுக்கொண்டு போங்கள் தம்பி.

முதல்படி

சரி ஐயா, இரண்டு சட்டை.